பூசணம் பிடித்த பீடிங்

இசைவாணி குளியலறைத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ப்ளீச்சிங் தண்ணீரில் நனைத்த பஞ்சைத் திரி திரியாகத் திரித்துக் கண்ணாடிக் கதவின் அடியிலிருந்த ரப்பர் பீடிங்கில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஷாம்பூத் தட்டில் சாய்த்து வைத்த போனில் அனுராதாவின் முகம் தெரிந்தது.

"கொஞ்சம் கீழ காட்டு. இன்னும் கீழ. அந்த மூலை... ஐயோ, என்னது அது மிளகுப்பொடி தூவுன மாதிரி?"

"பூசணங்கக்கா. பீடிங்குல இருந்தது தேச்சதுல கொஞ்சம் போயிருச்சு. சொவரோட ஒட்டுற எடத்துல சிலிகான் இருக்குல்ல, அதுல உள்ளாறப் போயிருச்சு."

"உள்ளாறப் போற வரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்த?"

இசைவாணி அடுத்த பஞ்சைத் திரித்தாள்.

திருக்காட்டுப்பள்ளிக்குச் சற்றுத் தள்ளி, வாய்க்கால் ஓரமாகப் பிரபு கட்டிய வீடு அது. பிரபுவும் அவர் மனைவி அனுராதாவும் சிங்கப்பூரில் இருந்தார்கள். பொங்கலுக்கு வந்து பத்து நாள் தங்குவதோடு சரி. மற்ற நாட்களில் வீடு இசைவாணியின் பொறுப்பு. இந்தத் தீபாவளிக்குப் பிரபுவின் சித்தப்பா குடும்பம் வந்து தங்கியது. கிளம்புகிற அன்று காலையிலும் எல்லோரும் வரிசையாகக் குளித்தார்கள். ஈரம் சொட்டச் சொட்டக் கண்ணாடிக் கதவையும் குளியலறைக் கதவையும் இறுக்கிச் சாத்திவிட்டு, சாவியைக் கையோடு தஞ்சாவூருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கேட்டுக் கேட்டு அது திரும்பி வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

"சாவி எங்கிட்ட இல்லீங்களேக்கா. சித்தப்பா ஐயா வீட்டுல..."

"அவங்கள இதுல இழுக்காத இசை. அவங்க வந்து போனவங்க. வீட்டப் பாத்துக்கறது யாரு? பொங்கலுக்கு எங்கூட வேலை பாக்கறவங்க ரெண்டு பேர் வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா சொல்லிடு, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

முந்தாநாள் அனுராதா அனுப்பிய வீடியோவில் ஆப்ப சோடா போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். நேற்று வந்ததில் வினிகர். இன்று ப்ளீச்சிங். நேற்று ஊற்றிய வினிகர் மூலையில் தேங்கிக் கிடந்ததோ என்னவோ, அங்கே பஞ்சை வைத்ததும் குப்பென்று ஒரு நெடி கிளம்பி மூக்கில் ஏறியது. இசைவாணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கொல்லைக் குழாயில் கண்ணைக் கழுவிக் கழுவி, இருமல் அடங்கித் திரும்பியபோது அனுராதா இன்னும் போனிலேயே இருந்தாள்.

"எங்க போன?"

"நெடி தாங்கலக்கா. கண்ணெல்லாம் எரியுது."

"ஜன்னலத் தொறந்து வெச்சுக்கக் கூடாதா? சாரல் மட்டும் உள்ள அடிக்காம பாத்துக்க."

மூலையில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, பஞ்சு ஊறுகிற நேரம் வரை காத்திருந்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தாள். பீடிங்கின் மேல்பக்கம் வெளுத்தது. மடிப்புக்குள் இருந்த கறுப்பும் சிலிகானில் இருந்த கறுப்பும் அப்படியே இருந்தன. கட்டைவிரல் நகம் பாதியாக உடைந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தால், குழந்தை இருமுவது தெருவிலேயே கேட்டது. எட்டு மாதப் பெண் குழந்தை. இசைவாணியின் மாமியார் காளியம்மாள் மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கொடியில் தொங்கிய துணிகளைத் தொட்டுப் பார்த்தாள் இசைவாணி. போட்டபடியே நனைந்திருந்தன. தொட்டிலுக்குப் பின்னால் சுவர் ஊறிப்போய், கீழிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது. ஈரச் சுவர் ஓரமாகப் படுக்க வைக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இருந்ததே ஒரு அறைதான். மூன்று பக்கச் சுவரும் ஊறியிருந்தது, நான்காவது பக்கம் அடுப்பு.

அவள் கணவன் நெடுஞ்செழியன் வயலில் தேங்கிய தண்ணீரை வடிய வைக்கப் போய்விட்டு, இடுப்பு வரை சேறாகத் திரும்பி வந்திருந்தான்.

"புள்ளைக்கு மூச்சு இழுக்குது. நீ அங்க போயி ஒரு ரப்பரத் தேச்சுக்கிட்டு இருக்க. ஒரு நா போவலன்னா என்ன ஆயிரும்?"

"ஒரு நா போவலன்னா வேற ஆள் வந்துருவாங்க. இந்த மழையில உனக்கு வேலை இருக்கா, நான் வீட்டுல உக்கார?"

அவன் கால் கழுவப் போனான்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடிக் கடை ஃபாஜில் வந்தார். அனுராதாவே போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். பழைய பீடிங்கை உருவிப் போட்டு, பிளேடால் சிலிகானைக் கீறிச் சுரண்டி எடுத்தார். உள்ளே பசை மாதிரி கறுப்பாக வந்தது.

"இது தேச்சுப் போற பூசணம் இல்லம்மா. நீங்க எத்தனை நாள் தேச்சாலும் போவாது. குளிச்சு முடிச்சதும் கண்ணாடிய வைப்பரால வழிச்சு விட்டு, பீடிங்க ஒரு துணியால தொடச்சு, கதவத் தொறந்து போட்டாப் போதும். காத்து போயிட்டு வந்தா இது வராது. குளிக்கிறவங்கதான் செய்யணும்."

"இத அக்காகிட்டயும் சொல்லிருங்கண்ணே."

"சொல்லிட்டேன். சரின்னாங்க." ஃபாஜில் புது பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டினார். "சிலிகான் இன்னைக்குப் போட முடியாது. இந்த எடம் சுக்கா காயணும், இல்லன்னா ஒட்டாது. ரெண்டு நாள் ஃபேன் போட்டு வைங்க. வந்து பூசிடறேன்."

டேபிள் ஃபேனைக் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு வைத்து, மூலையைப் பார்த்துத் திருப்பிவிட்டாள் இசைவாணி. இராப்பகலாக ஓடட்டும், நிறுத்தவே வேண்டாம், கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றாள் அனுராதா.

அன்று இரவே காற்று அடித்து மின்கம்பம் சாய்ந்தது. மறுநாள் காலையில் ஊரில் எந்த வீட்டிலும் கரண்ட் இல்லை. குழந்தைக்கு மாற்றக் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லாமல், காளியம்மாள் தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். விறகும் நனைந்து, அடுப்பிலிருந்து புகைதான் வந்தது. புகைக்கு இருமல் இன்னும் கூடியது. இசைவாணி குழந்தைத் துணிகளைப் பிழிந்து ஒரு வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு, மழையிலேயே பிரபு வீட்டுக்கு நடந்தாள்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் ஒரு நிமிஷம் அதன் முன்னாலேயே நின்றாள். பிறகு துணிகளை உதறி ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கதவின் மேல் விரித்தாள். ஐந்தாவது துணியை எடுக்கும்போது போன் அடித்தது.

"இசை, வாளியில என்ன கொண்டு போன உள்ள? ஹால் கேமராவுல பாத்தேன்."

"புள்ளத் துணிக்கா. நாலு நாளா காயவே இல்ல. கரண்டும் போயிருச்சு. ஃபேன் சும்மா ஓடுதேன்னு..."

"சும்மாவா ஓடுது? அந்த எடம் காயறதுக்குத்தான ஓடுது? ஈரத் துணியக் கொண்டுபோய் அதுமேலயே போட்டா திரும்பப் பூசணம் பிடிக்காதா? இது உனக்கே தெரிய வேணாமா?"

"கண்ணாடில வேணாங்கக்கா. ஃபேன ஹால்ல வெச்சு, நாற்காலில போட்டு, ஒரு மணி நேரம்..."

"ஹால்ல சோஃபா இருக்கு, மர அலமாரி இருக்கு. ஏற்கெனவே மழை. வீட்டுக்குள்ள ஈரமே வேணாம் இசை, ப்ளீஸ்."

"சரிங்கக்கா."

"கோவிச்சுக்காத. குழந்தை எப்படி இருக்கா?"

"இருமல்தாங்கக்கா. விடவே மாட்டேங்குது."

"பாத்துக்க. ஈரத்துல விடாத."

போன் நின்றது. இசைவாணி துணிகளை எடுத்து வாளியில் போட்டாள். கண்ணாடியில் வழிந்திருந்த தண்ணீரை வைப்பரால் வழித்து, புது பீடிங்கை உலர்ந்த துணியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்தாள். ஃபேனை மறுபடி மூலைக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

அவள் சேலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து குளியலறை வரை டைல்ஸில் அவளுடைய ஈரக் காலடிகள் தெரிந்தன. சேலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் வாளியோடு, இன்னொரு கையில் துணியோடு குனிந்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். கடைசிக் காலடியை வாசற்படிக்கு வெளியே மழையில் நின்றபடி கையை நீட்டித் துடைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.