ஒரு பக்கத்து ஃப்ரில்

உள்ளாடைகளைத் தைத்து முடிக்காமல் தன் கல்யாண கவுனுக்கான பட்டில் கத்தரி வைப்பதில்லை என்று டாம்சின் பிடிவாதமாக இருந்தாள். நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய மோஸ்தரில் கல்யாண கவுன் என்றால், உள்ளே போடுவதுதான் வெளியே தெரிகிற உருவத்தைத் தீர்மானிக்கும். மல்மல் உள்சட்டை, லேஸ் வைத்த உள்கால்சட்டை, இடுப்பை இறுக்கும் கார்செட், அதன்மேல் மெல்லிய உள்ரவிக்கை, கடைசியில் பாவாடைகள். அத்தனையும் போட்டுக்கொண்டு அளவெடுத்தால்தான் கவுன் உடம்பில் ஒழுங்காக உட்காரும்.

நியூலின் துறைமுகத்தைப் பார்த்த வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் அவளுடைய தையலறை. மாப்பிள்ளை ஜோரி மீன்பிடிப் படகுகளுக்கு என்ஜின் ரிப்பேர் பார்ப்பவன். எண்ணெய்க் கையோடு அந்தப் பக்கமே வரக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு போட்டிருந்தாள்.

பாவாடைகள் சிக்கலில்லாமல் முடிந்தன. உள்ரவிக்கைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த மோஸ்தரில் நெஞ்சு புறாவைப் போல முன்னால் பொங்கி நிற்க வேண்டும். டாம்சினுக்கு இடது மார்பு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் புற்றுநோய் வந்து எடுத்துவிட்டார்கள்.

தங்கை கெரென்சா ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அக்கா அந்த ரவிக்கையின் உட்புறத்தில் இடது பக்கம் மட்டும் கஞ்சி போட்ட ஃப்ரில்லை அடுக்கடுக்காக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, ஒரு பக்கம் மட்டும் முட்டைக்கோஸ் மாதிரி?"

"அந்தக் காலத்துல நெஞ்சு எடுப்பாத் தெரியணும்னு ரெண்டு பக்கமும் வச்சுத் தச்சாங்களாம். எனக்கு ஒரு பக்கம் போதும். துணி மிச்சம்."

கெரென்சா சிரிக்கவில்லை. "இதை மறைச்சு என்னக்கா ஆகப்போவுது? கடல்ல குளிக்கிறப்ப ஒண்ணும் வச்சுக்க மாட்டே. ஊரே பாத்திருக்கு. அன்னிக்கு மட்டும் எதுக்கு?"

டாம்சின் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். கூச்சம்தானோ என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் மார்பை ஒரு வாரம்கூட அவளால் வைத்துக்கொள்ள முடியவில்லை. யாருடையதையோ இரவல் வாங்கியது போல நெஞ்சில் கனத்தது. இந்த ஃப்ரில் அப்படியில்லை. அவளே வெட்டி, அவளே சுருக்கியது. கண்ணாடிமுன் பிடித்துப் பார்க்கும்போது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

"மறைக்கலடி. எனக்கு இந்த உருவம் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

கெரென்சா தோளைக் குலுக்கிவிட்டு, தான் வாங்கி வந்த பெட்டியைத் திறந்தாள். முழங்கைக்கு மேல் வரை வரும் வெள்ளைக் கையுறைகள். டாம்சினின் வலது கையில் ஒன்று வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை எப்போதும் சற்று வீங்கியே இருக்கும். கெரென்சா இழுத்துப் பார்த்தாள், பவுடர் போட்டுப் பார்த்தாள். கையுறை மணிக்கட்டைத் தாண்டவில்லை.

"மாட்டுக்குச் செருப்பு மாட்டற மாதிரி இருக்குடி, விடு" என்று டாம்சின் சிரித்தாள்.

கெரென்சாவின் கண் கலங்கிவிட்டது. வீக்கம் ஏறாமலிருக்க அக்கா போட்டுக்கொள்ளும் பழுப்பு நிற இறுக்கு உறை அவள் கண்ணை உறுத்தியது. "இது போட்டோவுல அசிங்கமாத் தெரியுமேக்கா. மேல லேஸாவது சுத்தி மறைச்சிடலாம்."

"இப்ப யாருடி மறைக்கச் சொல்றது?"

கெரென்சா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு இருவருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

கையுறை வேண்டாமென்று முடிவாயிற்று. துறைமுகக் காற்றுக்கு முகத்திரை நிற்காது என்பதால் அகலத் தொப்பி வைத்துக்கொள்வது என்றும் தீர்த்தார்கள். கழுத்துவரை லேஸ் ஏறுவதால் முத்துமாலைக்கும் வேலையில்லை.

கல்யாணத்தன்று, பக்கத்து ஊரான பென்சான்ஸின் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் ஜோரி அவளை அணைத்தான். உள்ளே கஞ்சித் துணி மொரமொரவென்று நொறுங்கியது. வலித்துவிட்டதோ என்று பயந்து கையை எடுத்துவிட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் போலத்தான் தொடுவான்.

"துணிதான்யா. இறுக்கிப் பிடி."

அவன் இறுக்கிப் பிடித்தான். ஃப்ரில் அப்பளமாக நசுங்கிப் போயிற்று. போட்டோக்களில் இடது பக்கம் சற்று அமுங்கியே தெரிகிறது. அவற்றில் ஒன்றைத்தான் அவள் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். பழுப்பு உறை போட்ட கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கிறாள்.