ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி

கஸ்தூரிக்கு எதையும் சுருக்கமாக எழுத வராது. ஜொகூர் பாருவில் அவள் வேலை செய்த நிறுவனம், ஆற்று நீர் ஏறினால் கோத்தா திங்கி மக்களின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளைக் கவனித்துவந்தது. அதில் யார் எதைத் திருத்தினாலும் வரலாற்றுக் கோப்பில் குறித்துவைக்க வேண்டும். மற்றவர்கள் ‘சரி செய்தேன்’ என்று இரண்டு சொல்லைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவளோ ஏன் செய்தாள், யார் செய்யச் சொன்னது, அதில் தனக்கு என்ன வருத்தம் என்பதுவரை விலாவாரியாக எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

பதினோரு வருடத்தில் கோப்பு ஊதிப் பெருத்துவிட்டது. திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். புதுக் கணினியில் இறக்க அரை நாள் ஆகும்.

“ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி. தேதி, என்ன செஞ்சது, யாரு செஞ்சது. மத்ததெல்லாம் வெட்டிருங்க,” என்றார் முதலாளி ரூபேந்திரன். வளர்த்தவளே வெட்டட்டும் என்று அந்த வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

நான்கு நாள் வெட்டினாள். போன மார்ச் மாதக் குறிப்புக்கு வந்ததும் கை ஓடவில்லை. ‘எச்சரிக்கை அனுப்பும் நீர்மட்ட அளவை அரை மீட்டர் உயர்த்தினேன். சும்மா சும்மா எச்சரிக்கை வருவதாகப் புகார் என்று ரூபேந்திரன் உயர்த்தச் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. தப்பித்துப் போக மக்களுக்கு நேரம் போதாது.’

இதைச் சுருக்கினால் நாளைக்குப் பழி முழுக்கத் தன் பேரில் நிற்கும் என்று பயந்தாள். எழுந்து போய்க் கேட்டாள்.

“பாஸ், இந்த ஒன்ன மட்டும் முழுசா வெச்சுக்கலாமா?”

“உங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க லா. இதையெல்லாம் யாரு படிக்கப் போறா?”

அதுவும் பொய்யில்லை. அத்தனை வருடத்தில் ஒருவர்கூடப் படித்ததில்லை. நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம்தான், பிடிபட்டால் வேலை போய்விடும். வெட்டினாள். மறுநாள் எல்லாரும் பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதியதை இறக்கிக்கொண்டு, எவ்வளவு வேகம் என்று அவளைப் பாராட்டினார்கள்.

ஜனவரியில் ஆறு கரை மீறியது. எச்சரிக்கை போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தது. நடக்க முடியாத காளியம்மா என்ற கிழவியைக் கட்டிலிலிருந்து தூக்க ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணை அறையில் காளியம்மாவின் மகன் சுகுமாறன் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். விசாரணை அதிகாரி கமலநாதன் கையில் அச்சடித்த தாள்கள் இருந்தன.

“அளவ ஒசத்துனது நீங்க. யாரு சொல்லி?”

“பாஸ் சொன்னாரு சார். நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

“எனக்கு அப்படி ஞாபகம் இல்ல,” என்றார் ரூபேந்திரன், மேசையைப் பார்த்துக்கொண்டு.

“எழுத்துல இருக்கா மேடம்?”

“இருந்துச்சு.”

கமலநாதன் கடைசித் தாளைப் புரட்டி, கடைசி வரியில் விரலை வைத்து வாசித்தார். ‘பழைய விவரங்கள் நீக்கப்பட்டன. கஸ்தூரி.’

“இதுவும் நீங்கதானா?”

ஆமாம் என்றாள். சுகுமாறன் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான்.