குன்று படுக்கும் ஊர்

துல்லரூ ஊருக்குப் பின்னால் இருக்கிற குன்று சாயங்காலம் படுத்துக்கொள்ளும். மறுநாள் வெயில் ஏறியதும் எழுந்துகொள்ளும். கோதுமை விலையைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்தான் அந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்வார்கள், அதுவும் கேட்டால்தான். தானாகச் சொன்னால் பீற்றிக்கொள்கிறோம் என்று ஆகிவிடுமாம். மாடு முன்னங்காலை மடித்து உட்காருகிற மாதிரி முதலில் தெற்குத் தோள் மடங்கும், பிறகு வடக்குப் பக்கம் இறங்கும். நிதானமாக ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரம் ஆகும். மேலே மேய்கிற செம்மறிகள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காது. சத்தம் என்று பார்த்தால், நாள் பூராவும் நின்றே வேலை பார்த்தவர் செருப்பைக் கழற்றும்போது விடுவாரே ஒரு மூச்சு, அவ்வளவுதான்.

இது ஆரம்பித்தது ராலீன் பாஸ்கோவின் கடையால். நெடுஞ்சாலையை ஊருக்கு வெளியே திருப்பிவிட்ட பிறகு துல்லரூவில் பேக்கரி போனது, வங்கி போனது, கடைசியில் மதுக்கடையே போனது. ஆஸ்திரேலியாவில் ஓர் ஊர் செத்துவிட்டது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. மிச்சம் இருந்தது ராலீனின் பலசரக்குக் கடை ஒன்றுதான். ஈஸ்டருக்குள் கொள்முதல் கூடாவிட்டால் இந்தப் பக்கம் வருவதில்லை என்று சரக்கு லாரிக்காரன் சொல்லிவிட்டான். நியூகாசிலில் இருக்கிற மகள் ட்ரூடி அம்மாவுக்கென்று பின்னறையைக் காலி செய்து லாவெண்டர் நிறத்தில் பெயின்டும் அடித்துவிட்டாள். ராலீன் அந்த அறையை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். திரும்பி வந்தவள் மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை, பாக்கி கொடுத்தவர்களிடம்கூட.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்று, ஒரு கேரவனைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு நாட்டையே சுற்றிச் சுற்றி வருகிற நரைத்தலை நாடோடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ராத்தங்க ஓர் இடம் கொடுத்தால் ரொட்டி வாங்குவார்கள், பால் வாங்குவார்கள், டீசல் போடுவார்கள். வட்டார கவுன்சிலும் ஒப்புக்கொண்டது. சமதளமான இடம், நல்ல தண்ணீர், கேரவன் கழிவறைத் தொட்டியைக் கொண்டுவந்து கொட்ட ஒரு குழி, இந்த மூன்றும் இருந்தால் நெடுஞ்சாலையில் கேரவன் தங்குமிடம் என்று பலகை வைக்கிறோம், இல்லாவிட்டால் பலகை பெர்ரிகுண்டாவுக்கு என்றார்கள். பெர்ரிகுண்டா பக்கத்து ஊர். அந்தப் பேரை துல்லரூவில் யாரும் சிரித்த முகத்தோடு சொல்லிக் கேட்டதில்லை.

ஊரில் சமதளம் என்று இருந்தது கால்பந்து மைதானம் மட்டும். அதன் தலைவர் க்ளைவ் ஹேதர்லி, முன்பு செம்மறி ரோமம் கத்தரிக்கிற ஆட்களை ஊர் ஊராகக் கூட்டிப்போனவர். ஊர்க் கமிட்டிக்கும் அவரேதான் தலைவர். ஆகவே கமிட்டிக்காக அவர் கேட்டதை மைதானத்துக்காக அவரே மறுத்தார். "ஆட ஆளே இல்லாத மைதானத்துக்குத் தினம் தண்ணி ஊத்துறீங்க. படுக்க வர்றவங்களுக்கு இடம் கிடையாதா?" என்று ராலீன் கேட்டாள். "நாளைக்கே ஆடுறதுக்கு ஆள் வந்துட்டா?" என்றார் க்ளைவ். "அதத்தான் க்ளைவ் நானும் சொல்றேன், ஆள் வரட்டும்னு." கமிட்டியில் சிரிப்பு எழுந்தது. ஆனால் தீர்மானம் தோற்றது. மிச்சம் இருந்த பொது நிலம் அந்தக் குன்று ஒன்றுதான். அதில் நட்டுக்குத்தலாக ஒரு சைக்கிளை நிறுத்த முடியாது.

ஒரு பிப்ரவரி சாயங்காலம், குன்றின் அடிவாரத்தை எவ்வளவு வெட்டினால் எத்தனை வண்டி நிற்கும் என்று கமிட்டி தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது, வழி தவறி ஒரு கேரவன் வந்து நின்றது. கார் ரேடியேட்டர் புகைந்தது. ஓட்டிவந்த கிழவர் இறங்கி, வேலிக்கதவில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, "இங்க எங்கயாச்சும் கொஞ்சம் படுத்துக்கலாமா?" என்று கேட்டார். இடம் சரிவாக இருக்கிறதே என்று சொல்ல ராலீன் வாயைத் திறந்தாள். அதற்குள் குன்று படுத்துவிட்டது.

க்ளைவ் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "பரவால்ல," என்றார். இரட்டைப் பிள்ளை பிறந்தாலும், நூறு வருஷத்து வறட்சி தீர்ந்தாலும் அந்த வட்டாரத்தில் சொல்கிற சொல் அதுதான். பிறகு, ஏதோ ஒத்திகை பார்த்துவைத்த மாதிரி எல்லோரும் டாட் இங்ரமைத் திரும்பிப் பார்த்தார்கள். டாட் விராஜுரி என்கிற பூர்வகுடியைச் சேர்ந்த பெண். அவளுடைய மக்கள் அந்த நிலத்தில் இருந்து வருகிற காலத்துக்குக் கணக்கே கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், ராலீனுக்கு முப்பது வருஷத் தோழி. "என்னை ஏன் பாக்குறீங்க? எனக்கும் இப்பத்தான் தெரியும்," என்றாள் டாட். "எங்க ஆளுங்க யாராச்சும் இதைப் பாத்திருந்தா, வெள்ளைக்காரன் வந்ததும், அவன் இங்க படுத்துரக் கூடாதுன்னு அதை எழுப்பி நிக்க வச்சிருப்பாங்க."

ராலீன் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. அவள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கடைவாசலில் சூரியன் மறைந்ததே கிடையாது. அதற்கு வெகுமுன்பே குன்றின் நிழல் வந்து தெருவை மூடிவிடும். துல்லரூவில் சாயங்காலம் என்பது யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி வரும். இன்றைக்குக் கதவே இல்லை. குன்று இருந்த இடத்துக்கு அப்பால் சமவெளி கிடந்தது, அதற்கு அப்பால் இன்னொரு சமவெளி, வற்றிப்போன ஏரியின் உப்பு வெள்ளையாக, அதன் மேல் ஒரு கூட்டம் ரோஜாநிறக் கிளிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் செக்கச்செவேலென்று இறங்கிக்கொண்டிருந்த சூரியன். வெளிச்சம் தெரு முழுக்க நடந்து வந்து, மூடிய வங்கியின் படியேறி, மூடிய பேக்கரிக்குள் எட்டிப் பார்த்து, அவளுடைய கடை அலமாரியின் கடைசித் தட்டில் இருந்த பீன்ஸ் டப்பா வரைக்கும் போனது. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட. ராலீன் தன் கையைத் தூக்கி அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள், யாரோ அளவு கேட்ட மாதிரி.

அதற்குப் பிறகு, நாடோடிகள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவில் சேதி பரவியது. தினம் வண்டிகள் வந்தன. ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலிகள் வட்டமாக விரிந்தன. அவரவர் குளிர்பெட்டியிலிருந்து பீர் வந்தது. முழங்கால் வலி, டயர் காற்று, மருமகள் என்று மூன்று விஷயங்களைச் சுற்றியே பேச்சு போனது. காலையில் அவர்கள் இறங்கிப் போனதும் குன்று எழுந்துகொள்ளும். டாஸ்மேனியாவிலிருந்து வந்த ஒரு தம்பதி அசந்து தூங்கிவிட்டார்கள். குன்று அவர்களோடு எழுந்தது. அந்த அம்மாள் கேரவன் கதவைத் திறந்தபோது காலுக்குக் கீழே ஊர், ஊருக்குக் கீழே தேசம். கையிலிருந்த தேநீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மத்தியானம் இறங்கி வந்து, இதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டாள்.

எல்லோருக்கும் அது படுக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் ராலீன். பளபளவென்று உடுத்திக்கொண்டு பந்தய சைக்கிளில் வந்த வாலிபர்களுக்கு அது அசையவே இல்லை. வெளியூர் விடுதியில் நன்றாகத் தூங்கிவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் இல்லை. அலுத்து வருகிறவர்களுக்கு மட்டும்தான். கவுண்டரில் சாய்கிற சாய்ப்பை வைத்தே ராலீன் சொல்லிவிடுவாள், இவருக்குப் படுக்கும், இவருக்குப் படுக்காது என்று.

சிக்கல் கவுன்சிலால் வந்தது. பொறியாளர் ஹேமிஷ் டோல் மார்ச் கடைசியில் நேரில் பார்க்க வருவதாகச் சேதி அனுப்பினார், அதுவும் முற்பகலில். முற்பகலில் குன்று நின்றுகொண்டிருக்கும். க்ளைவ் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். கழிவு கொட்டுகிற குழிக்கு எப்படியும் காங்கிரீட் தளம் போட வேண்டும். அதைக் குன்று படுத்திருக்கும்போது, நல்ல கனமாக, நட்டநடுவே போட்டுவிட்டால் அப்புறம் எழுந்திருக்க முடியாது. "அது கோச்சுக்கிட்டா?" என்றாள் டாட். "குன்று கோச்சுக்குமாம்!" என்றார் க்ளைவ், அது படுப்பதைத் தினம் பார்க்கிறவர். ராலீன் லாவெண்டர் நிற அறையை நினைத்துக்கொண்டாள், கையைத் தூக்கினாள். அவள் ஓட்டில்தான் தீர்மானம் ஜெயித்தது. ஊரே கூடி ஒரு சாயங்காலத்தில் தளம் போட்டது. சாசேஜைச் சுட்டு ரொட்டித்துண்டில் மடித்துத் தின்றார்கள். இரும்பு முளைகள்கூட அடித்தார்கள்.

காலையில் குன்று தளத்தையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. தளம் உச்சிக்குக் கீழே கோணலாக விரிசல் விட்டு நின்றது. குழியின் குழாய் வானத்தைப் பார்த்தது, ஆண்டவனே வந்து தொட்டியைக் கவிழ்க்கட்டும் என்கிற மாதிரி. அன்றைக்குச் சாயங்காலம் குன்று படுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரே மூச்சாக வந்த கிழவர் ஒருவர் வேலிக்கதவில் சாய்ந்து அழாத குறையாக நின்றார். குன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி நின்றது. வண்டிகள் பெர்ரிகுண்டாவுக்குப் போயின. துல்லரூவின் தெருவில் பழையபடி நிழல் வந்து கதவைச் சாத்தியது. இத்தனை வருஷம் பழகிய இருட்டுதான், ஆனால் இப்போது யாராலும் அதைச் சகிக்க முடியவில்லை.

பொறியாளர் வருகிற அன்று விடியற்காலையில் ராலீன் கடையைத் திறக்கவில்லை. அவள் புருஷன் செத்த அன்றுகூட அரைநாள் திறந்திருந்த கடை அது. கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துக்கொண்டு குன்றில் ஏறினாள். பாதி வழியில் டாட் வந்து சேர்ந்துகொண்டாள். "கடப்பாரை பிடிக்கத் தெரியுமாடி உனக்கு?"

"கடை நடத்தத் தெரிஞ்சா நடத்தினேன்?"

"உன் உம்முன்னு இருக்கிற முகத்தைப் பாத்தா குன்று இன்னும் ஒரு அடி வளந்துரும். தள்ளு, நான் ரெண்டு போடு போடுறேன்."

கொஞ்ச நேரத்தில் க்ளைவ் வந்தார். ஒன்றும் சொல்லாமல் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தார். ஒன்றைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த ஓட்டையில் மண்ணைப் போட்டு உள்ளங்கையால் தட்டினார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஊர் முழுக்க மேலே வந்திருந்தது. சில்லு சில்லாக எல்லாவற்றையும் கீழே இறக்கியபோது மத்தியானம் ஆகிவிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். ராலீனால் இறங்க முடியவில்லை. யாரோ விட்டுப்போன மடக்கு நாற்காலிக்கு ஒரு பக்கம் கல் கொடுத்து, சரிவில் ஒருமாதிரி உட்கார்ந்தாள்.

சொன்ன முற்பகல் தாண்டி, அங்கேதான் ஹேமிஷ் டோல் மூச்சிரைக்க ஏறி வந்தார், கையில் தளம் சமமா என்று பார்க்கிற ரசமட்டத்தோடு. சின்ன வயசுதான், கண்ணுக்குக் கீழே மட்டும் கிழவர்.

"அம்மா, இது குன்று."

"தெரியும்."

"சமதளம்னு எழுதியிருந்தீங்க."

"சாயங்காலம் சமதளம்." அவள் அவரைப் பார்க்கவில்லை. "இப்ப அதுவும் இல்ல. நாங்கதான் கெடுத்துட்டோம். நீங்க பெர்ரிகுண்டாவுக்கே போட்டுருங்க, தம்பி." அப்புறம், யாரிடம் என்றில்லாமல், பொறியாளரிடம் இல்லை, கடவுளிடமும் இல்லை, "எனக்குக் கொஞ்சம் படுக்கணும் போல இருக்கு," என்றாள்.

குன்று படுத்தது, பட்டப்பகலில்.

அது படுப்பதைக் கீழே நின்று பார்த்தவர்கள்தான் துல்லரூவில் இருந்தார்கள். படுக்கும்போது மேலே இருந்தவர் அதுவரை யாரும் இல்லை. ராலீனுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. புல்லுக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ மூச்சை இழுத்தது, பிறகு விட்டது. அடிவானம் மெல்ல மேலே வந்தது. ஊர்க்கூரைகள் ஒவ்வொன்றாக உயர்ந்து அவள் கண்ணுக்கு நேராக வந்து நின்றன. பொறியாளர் நாற்காலியின் கையைப் பிடித்தார், பிறகு அவள் கையையே பிடித்துக்கொண்டார். நாற்காலிக்கு அடியில் கொடுத்த கல்லின் பக்கம் தரை நகர்ந்து வந்து, கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, நாலு காலையும் சரியாக ஊன்றவைத்தது. நாற்பது வருஷமாக அவள் மற்றவர்களுக்கு எடுத்துவைத்தாளே, ரொட்டி, பால், நாற்காலி என்று, அதே மாதிரி யாரோ அவளுக்கு எடுத்துவைத்தார்கள். அவள் தூங்கிப்போனாள்.

பொறியாளர் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி முட்டையின் மஞ்சள்கரு மாதிரி நடுவில் வந்து நின்றது. திருப்பி வைத்தார், அப்படியே நின்றது. அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது ஊர். பூட்சைக் கழற்றினார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த ஊர், நட்டநடு வெயிலில் இரண்டு பேர் தூங்குவதைப் பார்த்தது. "பரவால்ல," என்றார் க்ளைவ், வழக்கத்தைவிடச் சின்னக் குரலில்.

நெடுஞ்சாலையில் பலகை வந்தது. அடியில் சின்ன எழுத்தில், மாலை முதல் காலை வரை சமதளம் என்று கவுன்சில் சேர்த்திருக்கிறது. கழிவுக்குழியைக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் வெட்டிக்கொள்ளச் சொல்லி க்ளைவே தீர்மானம் கொண்டுவந்தார், எதிர்த்துப் பேசவும் அவர் எழுந்திருக்கவில்லை. லாரிக்காரன் வாரம் தவறாமல் வருகிறான். நியூகாசிலில் லாவெண்டர் நிற அறையில் ட்ரூடி துணி காயப்போடுகிறாள். மேற்குப் பக்கம் ஜன்னல் வைத்த வீட்டுக்காரர்கள் எல்லாம் கண்கூசுகிறது என்று திரை வாங்கிவிட்டார்கள், ராலீன் கடையில்தான்.

திங்கட்கிழமை இப்போது கடைக்கு விடுமுறை. ஞாயிறு சாயங்காலம் ராலீன் ஒரு போர்வையோடு குன்றுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு மட்டும் வெயில் ஏறினாலும் குன்று எழுந்திருப்பதில்லை. அவள் எழட்டும் என்று கிடக்கிறது. குன்றைச் சுற்றிப் போகிற பள்ளிப் பேருந்தை அன்று டாட் குறுக்கே ஓட்டிப் போகிறாள். ஹாரன் அடிப்பதில்லை. பிள்ளைகளும் அந்தத் தூரம் தாண்டுகிறவரைக்கும் பேசுவதில்லை.