மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

அஞ்சலைக்கு அம்மை இறங்கி, தலைக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. வாசல் வேப்பிலையை எடுத்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் காலை என் பத்து வயது மகள் பாயை விட்டு எழுந்தாள், எழுந்தவள் தள்ளாடினாள். சுவரைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது. கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடின, பேச்சு குழறியது.

பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்லம்மா, ஆத்தா இன்னும் போவலடி! புள்ள மேலயே வந்துட்டா!"

அவ்வளவுதான். டத்தோ கிராமாட் தெருவில் டிராம் ஓடும் பாதை வரைக்கும் செய்தி போய்விட்டது. மஞ்சள் தண்ணீரும் கற்பூரமுமாகக் கூட்டம் வீட்டுக்குள் நெரிந்தது. பிள்ளையை மணையில் உட்கார வைத்தார்கள். காணாமல் போன மாட்டுக்கு ஒருவன் குறி கேட்டான். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் குறி!

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோங்க," என்று என் கணவரிடம் கெஞ்சினேன். அவர் மாட்டு வண்டி ஓட்டுகிறவர். வண்டி வாசலிலேயே நின்றது.

"ஆத்தா இருக்கிற உடம்புல வெள்ளைக்காரன் ஊசி குத்துவான். குடும்பமே அழிஞ்சிடும். பேசாம இரு லா."

அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல, பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார். நானே பிள்ளையைத் தூக்கினேன். நாலு பெண்கள் பிடுங்கி மறுபடி மணையில் உட்கார வைத்தார்கள். அஞ்சலையின் தலை தொங்கிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அசையவில்லை.

அழுதேன், ஒவ்வொருவர் காலிலும் விழுந்தேன். பெற்றவள் பேச்சு ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. வேறு வழி தெரியாமல் கொண்டையை அவிழ்த்துவிட்டேன். பல்லை நறநறவென்று கடித்தேன்.

"டேய் பக்கிரிசாமி! மாட்டைக் கட்டுடா! என் புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோடா!"

கட்டிய நாள் முதல் அவர் பெயரை என் வாய் சொன்னதில்லை. அதைக் கேட்டதும் கூட்டம் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டது. அவர் மாட்டை அப்படி விரட்டி நான் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக ஒரு தமிழ் டிரெஸ்ஸர் இருந்தார். "அம்மைக் காய்ச்சல் மூளையைத் தாக்கியிருக்கும்மா. ஆயிரத்துல ஒரு புள்ளைக்குத்தான் இப்படி வரும். எதுவும் சொல்றதுக்கில்ல," என்றார். அவர் பேசும்போதே அஞ்சலைக்கு வலிப்பு வந்தது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

மாரியாத்தா என்று கூப்பிட வாய் வரவில்லை. அவள் வேஷத்தைப் போட்டுவிட்டு, எந்த முகத்தோடு அவளிடமே பிச்சை கேட்பது?

வண்டியை நிறுத்திவிட்டு என் கணவர் வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க என் காலில் விழுந்தார்.

"ஆத்தா, நீயே சொல்லு. எம்புள்ள பொழைச்சிருமா?"

நான் ஆத்தா இல்லை என்ற உண்மையைச் சொன்னால் அந்தக் கதவைத் திறந்து பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார். அவிழ்ந்த கூந்தலை முடியாமல் நின்றேன்.

"பொழைப்பாடா," என்றேன், அதே குரலில்.