தண்ணி விடாதீங்க

கடைக்காரன் தீயைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் பயப்படுவான் என்பது சேக் இஸ்மாயில் இருபத்திரண்டு வருஷத்தில் கற்றிருந்த பாடங்களில் ஒன்று. ஜவுளிக்கடை கொழுந்துவிட்டு எரியும். முதலாளி ஓடிவந்து குழாயைப் பிடித்துக்கொள்வார். "ஐயா, தண்ணி விடாதீங்க, பட்டு அம்புட்டும் பாழாப் போயிரும்!" அரிசி மண்டியிலும் இதே பாட்டு, காகிதக் கடையிலும் இதே பாட்டு. எரிந்துபோனால் தலைவிதி என்று விட்டுவிடுவார்கள். நனைந்துபோனால் மட்டும் பயர் இஞ்சின்காரன் தலையில் விடியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை அந்தக் கெஞ்சலுக்கு மனம் இளகி, கொஞ்சம் தயங்கிவிட்டார். பக்கத்தில் மூன்று வீடுகள் சாம்பலாயின. அதன் பிறகு அந்தக் கூக்குரலுக்கு அவர் காது கொடுத்ததே இல்லை.

முனிசிபாலிட்டிக் கைப்பம்பும் கூரையைப் பிடித்து இழுக்கும் கொக்கிக் கம்பும் மட்டும் இருந்த காலத்தில் சேர்ந்தவர். யுத்தம் வந்ததும் சர்க்காரே மதுரையில் நிலையம் போட்டு, மோட்டார் பம்பும் பித்தளைத் தொப்பியும் கொடுத்தது. இஸ்மாயிலுக்குச் சட்டைக் கையில் பட்டை கொடுத்து, பத்துப் பேருக்குத் தலைவராக்கினார்கள். நாற்பத்தைந்து வயதிலும் மணிச் சத்தம் கேட்டால் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடுவார். "உங்களுக்கு அந்த நெருப்பைத்தான் நிக்காஹ் பண்ணி வச்சிருக்கணும், நான் வந்து மாட்டிக்கிட்டேன்" என்பாள் அவர் மனைவி லத்தீபா. தீ அணைந்ததும் மற்றவர்கள் கைகால் கழுவப் போய்விடுவார்கள். அவர் மட்டும் சாம்பலைக் கிளறிக்கொண்டு நிற்பார். எங்கே பிடித்தது, எந்தப் பக்கம் ஓடியது, எந்த உத்தரம் முதலில் விழுந்தது என்று முகர்ந்தும் தொட்டும் பார்ப்பார். இப்படியெல்லாம் கற்றுக்கொண்ட மனுஷர்தான். ஆனால் அந்த இடத்தில் வேலை செய்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

நாற்பத்துநாலாம் வருஷம், வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு நிலையத்துக்குத் திரும்பி அரைமணி நேரம் ஆகியிருக்காது. காளவாசல் பாதையில் சூளைக்கு விறகும் தேங்காய் மட்டையும் போட்டுவைத்திருந்த கொட்டகை பற்றிக்கொண்டது என்று ஆள் வந்தது. இவர்கள் போனபோது கொட்டகை முழுசாகப் போய், ஒட்டியிருந்த ஓட்டுக் கிடங்கின் கூரை ஓரத்தில் தீ ஏறிக்கொண்டிருந்தது. கிணற்றில் பம்புக் குழாயை இறக்கினார்கள். இஸ்மாயில் தொப்பியை இறுக்கிக்கொண்டு முன்னால் நின்றார்.

அப்போதுதான் அவள் ஓடிவந்தாள். முப்பது வயசு இருக்கும். முழங்கை வரை வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது, தலையில் சும்மாடு அவிழாமல் இருந்தது.

"ஐயா, கிடங்குக்குள்ள தண்ணி விடாதீங்க! விடாதீங்கய்யா!"

ஆரம்பிச்சுட்டாங்கய்யா என்று இஸ்மாயில் மனசுக்குள் சலித்துக்கொண்டார். சரக்குக்காக அழ முதலாளிக்கு வெட்கம் போலிருக்கிறது, கூலிக்காரியை அனுப்பியிருக்கிறான்.

"தள்ளு தாயி. சரக்கு போனா உங்க முதலாளி வேற வாங்கிக்கிருவாரு."

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு, பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துக் கண் காட்டினார். போலீஸ்காரர் அவளை இழுத்துக்கொண்டு போனார். இழுபட்டுக்கொண்டே அவள் இன்னும் என்னவோ கத்தினாள். மோட்டார் இரைச்சலில் அது கேட்கவில்லை.

"கூரையை ஒடச்சு உள்ள விடு! நல்லா விடு!" என்று உத்தரவு போட்டார்.

தண்ணீர் ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அந்த நேரத்தில் அவருக்கு எப்போதும் வரும் சந்தோஷம் அன்றும் வந்தது. பிற்பாடு அவர் தன்னை மன்னிக்க முடியாமல் தவித்ததற்கு அந்தச் சந்தோஷமும் ஒரு காரணம். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை. உள்ளேயிருந்து பெரிய அண்டாவில் குழம்பு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூரை வழியாக வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பியது. கறுப்புப் புகை, மஞ்சள் புகை, பச்சைமரப் புகை எல்லாம் அவர் பார்த்தவர். இது புகையே இல்லை. மூக்கில் ஏறிய வாடை மட்டும் நன்றாகப் பழகிய வாடையாக இருந்தது. ரமலானுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும் நாளில் முற்றத்தில் வருகிற வாடை.

"நிறுத்து! நிறுத்துங்கடா! சுண்ணாம்பு!"

அவர் கத்தி முடிப்பதற்குள் கிடங்கின் பக்கச்சுவர் வயிறு தள்ளிக்கொண்டு வந்து வெடித்தது. சூளையிலிருந்து எடுத்து, தண்ணீர் ஊற்றி நீற்றாமல் வைத்திருந்த சுட்ட சுண்ணாம்பு, முந்நூறு மூட்டை, மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து ஊதிப் பாதையில் வழிந்தது. பின்வாசல் பக்கம் கூச்சல் எழுந்தது. நாலு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை அவன் வெள்ளையாக இருந்தான். அவனைத் தூக்கியவர்களின் கையெல்லாம் வெந்துபோயிற்று.

அவன் பெயர் காளை. கத்தியவள் அவன் பெண்டாட்டி ராக்கம்மாள். தீப்பிடித்த பக்கத்துச் சுவரை ஒட்டியிருந்த மூட்டைகளை இந்தப் பக்கம் இழுத்துப் போடுவதற்காக அவன் பின்வாசல் வழியாக உள்ளே போயிருந்தான். மோட்டார் இரைச்சலில் கேட்காமல் போனது, "எம் புருசன் உள்ள இருக்காரு" என்பதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். முதல் நாளே இரண்டு கண்ணும் போய்விட்டது. வேலை முடிந்த நேரமெல்லாம் இஸ்மாயில் அந்த வராந்தாவில் நின்றார். உள்ளேயிருந்து வந்த குரலைக் காதைப் பொத்தாமல் கேட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் குரல் நின்றபோது மவுத்தானவருக்குச் சொல்லும் "இன்னா லில்லாஹி"யை ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லையே! வருஷா வருஷம் அவர் வீட்டில் நடக்கிறதுதான். லத்தீபா தாழியில் சுண்ணாம்புக் கல்லைப் போடுவாள், இஸ்மாயில்தான் தண்ணீர் ஊற்றுவார். அது தளதளவென்று பொங்கும்போது, "தள்ளிப் போங்க, கண்ணுல தெறிச்சா கண்ணு போயிரும்" என்று அவள் பிள்ளைகளை விரட்டுவாள். அந்தப் பெண்ணின் முழங்கையில் இருந்த வெள்ளையையும் அவர் பார்க்கத்தான் செய்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

நிலைய அதிகாரி பஞ்சாபகேசன் கெட்டவர் இல்லை. தன் ஆட்களைக் காப்பாற்ற நினைக்கிறவர். டைப் அடித்த காகிதத்தை இஸ்மாயில் பக்கம் தள்ளினார்.

"எரியற கட்டடத்துக்குள்ளே அஜாக்கிரதையா நுழைஞ்சான், விபத்து. அவ்வளவுதான் எழுதியிருக்கேன். கையெழுத்தைப் போட்டுட்டுப் போம்."

"அந்தப் பொம்பளை சொன்னது இதுல இல்லையே சார்."

"எந்தப் பொம்பளை?"

"தண்ணி விடாதீங்கன்னு சொன்னாளே, அவ."

பஞ்சாபகேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இஸ்மாயில், அதை எழுதினா உம்ம பட்டை போயிடும். உமக்கும் குடும்பம் இருக்கு, யோசியும்."

"போகட்டும் சார். அவ சொன்னது எங்கயாச்சும் ஒரு காயிதத்துல இருக்கணும்."

அந்தக் காகிதத்தின் அடியில் தமிழில் அவரே எழுதினார்: 'தண்ணீர் விட வேண்டாம் என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.' அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பட்டை போயிற்று. நேற்றுவரை அவரிடம் திட்டு வாங்கிய பேச்சிமுத்து தலைவரானான். "அண்ணே, ஒங்களுக்கு எப்படி உத்தரவு போடுறது" என்று அவன் கூச்சப்பட்டான். "போடு மாப்ள, குழாயைப் பிடிக்க இன்னும் தெம்பு இருக்கு" என்றார் இஸ்மாயில். அதைப் பற்றி அவருக்கு உண்மையிலேயே வருத்தம் இல்லை. அவரை அரித்தது வேறு. காளவாசல் பாதையில் மட்டும் நாற்பது கிடங்குகள் இருந்தன. ஓய்வு நாளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, உள்ளே என்ன சரக்கு என்று கேட்டுப் பார்த்தார். யுத்த காலம். பதுக்காத முதலாளி யார் இருந்தார்? சப்ளை ஆபீசுக்குத் துப்புக் கொடுக்க வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல பாய், காலிச் சாக்கு" என்று நாற்பது பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கோடை இன்னும் முடியவில்லை. அடுத்தது எந்தக் கிடங்கோ, அதற்குள் எவன் இருப்பானோ! உள்ளே என்ன இருக்கிறது என்பது மூட்டை தூக்குகிறவர்களுக்குத்தான் தெரியும். முதலாளிக்குப் பயந்து அவர்களும் வாய் திறக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒருத்திதான். அங்கே போவதற்குத்தான் அவருக்குக் கால் வரவில்லை.

போனார். சூளைகளுக்குப் பின்னால் இருந்த குடிசை வாசலில் ராக்கம்மாள் முள் ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"உத்தரவு போட்டது நாந்தான் தாயி" என்றார்.

"தெரியும். அந்தப் பித்தளைத் தொப்பி எனக்கு மறந்துபோகுமா?"

எந்தக் கிடங்கில் என்ன சரக்கு என்று அவள்தான் சொல்லித் தரவேண்டும் என்றார். அவள் கையில் இருந்த முள்ளைக் கீழே போட்டாள்.

"எம் புருசனக் கொன்னுபுட்டு, எங்கிட்டயே பாடம் படிக்க வந்திருக்கியா?"

"ஆமா தாயி" என்றார்.

அவள் உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனார். படல் திறக்கவே இல்லை. "மய்யித்து விழுந்த எழவு வீட்டுல போயி இப்படி நிக்கலாமா?" என்று லத்தீபா கோபித்துக்கொண்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அதற்கு அடுத்த வெள்ளி தீப்பெட்டிக் கடை ஒன்று எரிந்த செய்தி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அன்று மறுபடியும் போய் நின்றார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். பழக்க தோஷத்தில் சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பாதையில் நடந்தாள். இஸ்மாயில் ஐந்தடி பின்னால் போனார். சட்டைப் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"இதுல சுண்ணாம்பு. நீத்தாதது."

எழுதினார்.

"இதுல முன்னால வைக்கோலு. அடியில மண்ணெண்ணெய் டின்னு இருக்கு. தண்ணி விட்டா எண்ணெய் மெதந்து தெருவுக்கு வந்துரும்."

எழுதினார்.

"இது பஞ்சு. மேல அணைஞ்சாலும் பொதிக்குள்ள கங்கு கெடக்கும். நாலு நாள் கழிச்சு எந்திரிக்கும். கைய உள்ள விட்டுப் பாக்கணும்."

"சுண்ணாம்புக்கு என்ன செய்யணும் தாயி?"

"காஞ்ச மணலைப் போட்டு நெருப்பை அமுக்கணும். சுவத்தோரத்து மூட்டைய மொதல்ல இழுத்துரணும். அந்த மனுசன் அதுக்குத்தான் உள்ள போனாரு."

நாற்பது கிடங்கும் ஆயிற்று. ஒரு கேள்விக்கும் அவள் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்த இரண்டு கணக்கப்பிள்ளைகள் முறைத்தார்கள். நாளையிலிருந்து இந்தப் பாதையில் அவளுக்கு வேலை கிடைக்காது என்பது இஸ்மாயிலுக்குப் புரிந்தது. அவளுக்கும் அது தெரிந்துதான் இருக்கவேண்டும். வெயில் தாழ்ந்தபோது மறுபடியும் குடிசை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும் என்று இஸ்மாயில் வாயெடுத்தார். ராக்கம்மாள் படலில் கை வைத்தபடி, அன்றைக்கு முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதையும் எழுதிக்க. இதுக்குள்ள ஒண்ணும் இல்ல. இங்க தீப்பிடிச்சா நீ தாராளமாத் தண்ணி விடலாம்."

படல் சாத்திக்கொண்டது. இஸ்மாயில் பென்சிலை நாக்கில் தொட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.