மீன் பார்க்கப் போனவர்

"நாற்காலிய இன்னும் கொஞ்சம் சுவரோட ஒட்டிப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே கடைசி இரண்டையும் மகள் தானே விரித்துப் போட்டாள். கூடத்தின் நடுவில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். போன வருடம் வரை அந்தச் சுவரை அடைத்துக்கொண்டு எட்டு மீன் தொட்டிகள் இருந்தன. இப்போதும் இருந்திருந்தால் வந்தவர்களில் பாதிப் பேர் தெருவில்தான் நிற்க வேண்டும்.

"மீன வித்த அன்னைக்கே என் தம்பி பாதி போயிட்டான்" என்றாள் அத்தை. சொன்னது பக்கத்து வீட்டம்மாவிடம். கேட்க வேண்டியது மகள். "மிச்சப் பாதிதான் நேத்து போச்சு."

அத்தைக்கு வாய் நீளம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வது நிஜமோ என்று மகளுக்குப் பயம். விற்கச் சொன்னதே இவள்தானே! ஓய்வு பெற்ற கையோடு அப்பா சாக்ஸபோன் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். விலையைக் கேட்டுவிட்டு மலைத்து உட்கார்ந்திருந்தவரிடம், "தொட்டியெல்லாம் வித்துடுங்கப்பா. முப்பது வருஷமா தண்ணி மாத்துனது போதாதா?" என்றாள். அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு வண்ண மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். மீன், தொட்டி, மோட்டார், வலை எல்லாம் ஒரே வண்டியில் போய்ச் சேர்ந்தன. அந்தக் காசில் கறுப்புப் பெட்டியோடு சாக்ஸபோன் வந்தது.

"சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அத்தை அன்றைக்கே சொன்னாள். அப்பா ஊதிய ஊதலில் மாடி வீட்டுக்காரர் மூன்று தடவை இறங்கி வந்தார். "வீட்ல வேணாம்பா" என்று மகள்தான் சொல்ல வேண்டியிருந்தது. சில நாளில் கட்டிலடியில் இருந்த பெட்டியைக் காணவில்லை. அதை என்ன செய்தார் என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம், "மீன் கடைக்குப் போயிட்டு வரேம்மா" என்று கிளம்பிவிடுவார். பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர் எட்டிப் பார்க்கப் போகிறார் என்று எண்ணியபடி, அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நிற்பாள். நேற்றும் போய்விட்டு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். ஏக்கம் என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அப்பாவை எடுத்துப் போக வண்டி வருவதற்குச் சற்று முன்னால் மீன் கடைக்காரர் வந்தார். கையில் அந்தக் கறுப்புப் பெட்டி. அப்பாவின் காலடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை விடுவாளா? "தெனம் வந்து மீனப் பாத்து அழுவானாப்பா?"

"மீனயா?" கடைக்காரர் விழித்தார். "ஒரு நாள்கூடத் திரும்பிப் பாத்ததில்லம்மா. பெரிய ஜோடி குஞ்சு பொரிச்சப்ப நானே கூப்பிட்டேன். 'அது இனிமே உன் தலவலி. அதுங்களால முப்பது வருஷமா நான் ஒரு ஊருக்கு நிம்மதியாப் போனதில்ல'ன்னு சிரிச்சார்."

"அப்ப எதுக்குங்க வந்தார்?" என்றாள் மகள்.

"ஊதத்தான். பின் ரூம்ல எந்நேரமும் காத்து மோட்டாருங்க ஓடும். அந்த எரைச்சல்ல இவர் சத்தம் தெருவுக்குக் கேக்காது. 'ஒரு பாட்டு முழுசா வரட்டும், அப்புறம் பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டறேன்'ம்பார்." கொஞ்சம் தயங்கினார். "நல்லா ஊதுவார்னு சொன்னாப் பொய்யாயிடும். நேத்துகூடப் பாதியில நின்னுடுச்சு. ஆனா அந்த மூஞ்சியப் பாக்கணுமே நீங்க! சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம்."

மகளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்தது. அப்பாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு அப்பாடா என்று இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தால் இருக்கட்டும். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது.

அத்தை தலைமாட்டுக்கு நகர்ந்தாள். "திருட்டுப் பய" என்றாள் கடைசியில், தம்பியின் முகத்தைப் பார்த்து. உதடு கோணிக்கொண்டது.

மகள் பெட்டியை உள்ளறைக்கு எடுத்துப் போய்த் திறந்தாள். ஊதி முடித்ததும் குழாய்க்குள் விட்டுத் துடைக்கிற துணி ஓரத்தில் சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம் காயவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் துணியை உதறி, ஜன்னல் கம்பியில் வெயில் படுகிற பக்கமாகக் காயப்போட்டுவிட்டு வெளியே வந்தாள்.