மஞ்சள் ரோஜா வைத்தவள்

கலைமணிக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வடக்குப்பட்டு வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜியைத் தின்று, காபியைக் குடித்து, "போயி லெட்டர் போடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். அந்த மகராசன்களுக்கு லெட்டர் எழுத மட்டும் கை வரவேயில்லை. கடைசியாக ஒருத்தன் வந்துபோன அன்று, "இனிமே எவன் எதுர்லயும் தட்ட தூக்கிகினு வந்து நிக்க மாட்டேன்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

அதனால்தான் அண்ணன் முனிரத்தினம் அவளுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்தான். மாப்பிள்ளை அம்பத்தூரில் ஃபிட்டர். பட்டணத்தில் ரோஜாத் தோட்டத்துக்குப் பேர்போன பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வது என்று தரகர் ராஜாமணி பேசி முடித்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதுதான் தோது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அதை ஒட்டியிருக்கும் வடக்குப்பட்டுப் பக்கம் வரவே அவர்களுக்குப் பயம். தூரத்தில் நின்று பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் பெண்ணுக்குத் தெரியவே போவதில்லை. அடையாளத்துக்கு, பெண் தலையில் மஞ்சள் ரோஜா.

எல்லாம் சரி, கங்காவை மறந்துவிட்டான். பெண் பார்க்க வரும் நாளில் தங்கை கங்காவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது அம்மாவின் வழக்கம். இருபது வயசு, பார்த்தவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள். இது சும்மா ஊர் சுற்றத்தான் என்று சொல்லி வைத்துவிட்டு அவளை எப்படி விட்டுவிட்டுப் போவது? "கங்கா வராம நான் மட்டும் எதுக்கு?" என்று கலைமணி கேட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

பூங்கா வாசலில் ஒரு மஞ்சள் ரோஜா வாங்கிக் கலைமணியிடம் கொடுத்தான்.

"ஒண்ணுதான் வாங்குனியா? கங்காவுக்கு?"

"நீ வச்சிக்கோ. அவளுக்கு அப்பால வாங்கலாம்."

உள்ளே போனதும் கலைமணி சின்னப் பிள்ளையாகிவிட்டாள். "இத்தினி கலர் கீதுண்ணா!" என்று செடிக்குச் செடி குனிந்து முகர்ந்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! முனிரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இந்தத் தடவை அமைந்துவிடும் என்று நம்பிக்கொண்டே வேர்க்கடலை வாங்கப் போனான்.

திரும்பி வந்தால் ரோஜா கங்காவின் தலையில் இருந்தது.

"பூவ இன்னா பண்ண?" என்றான் பதறிப்போய்.

"பாவம், பாத்துகினே இருந்தாண்ணா. நான் வச்சா யாரு பாக்கப் போறாங்க?"

நீரூற்றுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றிருந்தார்கள். அம்மாக்காரி மகனை இடித்துக் காட்டினாள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். கண் கங்காமேல் இருந்தது. பூவைக் கழற்றி நீயே வை என்றால் கலைமணி ஏன் என்பாள். சொன்னால் அங்கேயே உடைந்துபோவாள். கடலைப் பொட்டலத்தோடு மரமாக நின்றான், வேறென்ன செய்வான் மனுஷன். அவர்கள் போய்விட்டார்கள்.

அன்றைக்கே படப்பையில் ராஜாமணி வீட்டுக்கு ஓடி, நடந்ததைச் சொல்லிக் கெஞ்சினான். அக்காதான் பெண் என்று எடுத்துச் சொல்லுங்கள், இன்னொரு தடவை வந்து பார்க்கட்டும் என்றான்.

மறுநாள் சாயங்காலம் ராஜாமணி வந்தார்.

"எவ்ளோவோ சொல்லிப் பாத்தேம்பா. அக்கா வேணாமாம். பூ வச்ச பொண்ணுன்னா நகைகூட வேணாம், ஆவணியிலயே முடிச்சிக்கலாம்ன்றாங்க."

வாசற்படியில் சத்தம் கேட்டது. ராஜாமணிக்குக் காபித் தட்டோடு கலைமணி நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. தட்டைக் கொட்டாமல் அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ராஜாமணி போனபிறகு முனிரத்தினம் அடுப்படிக்கு வந்தான். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"அதுக்குத்தான் ஒண்ணு வாங்குனியா?" என்றாள்.

"என்ன மன்னிச்சிடும்மா."

"நல்ல எடமா கீது. கங்காவுக்கு முடிச்சிடு." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: "அவரு எப்பிடிண்ணா இருந்தாரு? நான் ரோஜாவையே பாத்துகினு இருந்துட்டேன்."

"சிரிச்ச மொகம்மா" என்றான் முனிரத்தினம். அதற்குமேல் சொல்லமுடியாமல் அழுதுவிட்டான்.